கதவின் பின்புறம்

எங்கள் பதிப்பகத்தில் வந்து "அட்டை அக்கா" என்று கேட்டால் வாசல் காவலாளி முதல் முதலாளி வரை எல்லோரும் மாடியைக் கை காட்டுவார்கள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால்தான் கொஞ்சம் யோசிப்பார்கள். தடித்த புத்தகங்களின் கடைசியில், எந்த ஆள், எந்த ஊர், எந்தச் சம்பவம் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று அகர வரிசையில் ஒரு பட்டியல் இருக்கும். சொல்லடைவு என்பார்கள். அதைத் தயார் செய்வதுதான் இருபத்தாறு வருடமாக அக்காவின் வேலை. கம்ப்யூட்டர் வந்து எத்தனையோ காலம் ஆகியும் முதலில் அட்டையில்தான் எழுதுவார். ஒரு விஷயத்துக்கு ஓர் அட்டை. ஒரு புத்தகம் முடியும்போது மேசை மேல் நாலு செருப்புப் பெட்டி நிறைய அட்டை சேர்ந்திருக்கும்.

நான் அவருக்கு எதிர் மேசையில் பிழை திருத்துகிறவன். எனக்கு நாற்பத்தெட்டு வயது, தலை முழுக்க நரைத்துவிட்டது, ஆனாலும் அவருக்கு நான் தம்பிதான். வாசகர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அந்தக் கடைசிப் பக்கங்களைத் திறப்பதே இல்லை, மீதிப் பத்தில் ஒன்பது பேர் தங்கள் பெயர் இருக்கிறதா என்று தேடுகிறவர்கள் என்று நான் அவரைச் சீண்டுவேன். "மிச்சம் இருக்கிற அந்த ஒருத்தருக்காகத்தான் தம்பி எழுதுறேன்" என்பார். தலையைத் தூக்கவே மாட்டார்.

அவரிடம் ஒரு பிடிவாதமான பழக்கம் உண்டு. புத்தகத்தில் படம் இருந்தால், கீழே அச்சடித்திருக்கும் குறிப்பை நம்பி அட்டை எழுத மாட்டார். மூல அச்சைப் பெரிதாகப் போட்டு வாங்கி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துவிட்டுத்தான் எழுதுவார். "குறிப்பு எழுதினவர் படத்தைப் பாத்திருப்பாருன்னு என்ன நிச்சயம்?" என்பது அவர் கேள்வி. இந்தப் பழக்கத்தால் வேலை இரண்டு நாள் தள்ளிப் போகும், முதலாளி பல்லைக் கடிப்பார். இந்தப் பழக்கத்தால்தான் எல்லாம் நடந்தது.

போன வருடம் ஒரு பேராசிரியரின் புத்தகம் வந்தது. எண்ணூறு பக்கம். நான்கு நாடுகளில் அடக்கி வைக்கப்பட்ட மக்கள் எப்படிப் பொங்கி எழுந்தார்கள் என்பதை ஒப்பிட்டு எழுதியிருந்தார். ஒரு நாட்டில் சிறைச்சாலை, இன்னொன்றில் கரும்புத் தோட்டத்துக் கிடங்கு, மூன்றாவதில் சுரங்க அலுவலகம், நான்காவதாக எங்கள் ஊர் நூற்பாலை. பதினோராம் அத்தியாயத்தின் தலைப்பு "உள்ளே நுழைந்த கூட்டம்." அடக்கப்பட்டவர்கள் எந்தச் சமூகத்திலும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்கிறார்கள், அதிகாரத்தின் வாசலை உடைத்துக்கொண்டு உள்ளே போகிறார்கள் என்பது அவர் கண்டுபிடிப்பு. நன்றாகத்தான் எழுதியிருந்தார். ஒற்றுப்பிழைகூட அதிகம் இல்லை. என் வாயிலிருந்து இப்படி ஒரு பாராட்டு வருவது அபூர்வம்.

எங்கள் ஊர் ஆலைக் கதவு உடைந்து ஐம்பத்தோரு வருடம் ஆகிறது. அதைப் பற்றி ஏற்கெனவே மூன்று சரித்திர ஆசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். விலைவாசி ஏறிப் பசியில் கூட்டம் உடைத்தது என்று ஒருவர். வெளியூர் ஆட்கள் தூண்டிவிட்டார்கள் என்று இன்னொருவர். முதலாளி வர்க்கத்தின் மேல் பல வருடமாக அடக்கி வைத்த கோபம் என்று மூன்றாமவர். மூவரும் ஒருவரையொருவர் அடிக்குறிப்பில் திட்டிக்கொண்டு முப்பது வருடம் ஓட்டினார்கள். இதில் இரண்டாமவரின் புத்தகத்துக்குச் சொல்லடைவு செய்தவர் எங்கள் அக்காதான். "கலவரம்: ஆலைக் கதவு உடைப்பு" என்று பதினெட்டு வருடத்துக்கு முன் தன் கையாலேயே அட்டை எழுதியிருக்கிறார்.

எழுதும்போது அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்ததாம். ஏனென்றால் கதவை உடைத்ததாக ஜெயிலுக்குப் போன பதினோரு பேரில் முதல் ஆள் அக்காவின் தாய்மாமா. "கதவை உடைத்து முதலில் உள்ளே நுழைந்தவர்" என்று எல்லாப் புத்தகத்திலும் பெயரோடு இருக்கிறார். மற்றவர்களுக்கு இரண்டு வருடம், இவருக்கு மட்டும் இரட்டிப்புக்கு மேல். வெளியே வந்த பிறகு சைக்கிள் பழுது பார்த்துப் பிழைத்தார். இடது காலைச் சாய்த்துச் சாய்த்து நடப்பார். தெருவில் எல்லோரும் "கதவு மாமா" என்றே கூப்பிடுவார்கள். அவரும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பார். "எங்க மாமா மில் கதவையே உடைச்சவரு" என்று பள்ளிக்கூடத்தில் அக்கா ஜம்பம் அடித்திருக்கிறார். ஆறு வருடத்துக்கு முன் மாமா போய்ச் சேர்ந்தார்.

பேராசிரியரின் புத்தகத்திலும் அந்தப் பழைய புகைப்படம் இருந்தது. கீழே விழுந்து கிடக்கும் இரும்புக் கதவு, பக்கத்தில் நாலு போலீஸ்காரர்களின் பூட்ஸ் கால்கள், ஓரத்தில் ஒரு தூணின் துண்டு. முந்தைய புத்தகங்களில் அது தபால் தலை அளவில் மங்கலாக இருக்கும். இந்த முறை அக்கா கேட்டு வாங்கிய அச்சு, விரித்தால் மேசை நிறையும் அளவு. வேலை முடியாததால் அதைச் சுருட்டி வீட்டுக்கு எடுத்துப் போனார்.

வீட்டில் அவரும் அம்மாவும் மட்டும்தான். அம்மாவுக்கு எழுபத்து மூன்று வயது. அதே ஆலையில் பதினைந்து வயதிலிருந்து ஏழு வருடம் நூல் சுற்றியவர். இரண்டு மாதத்துக்கு முன்தான் கண்புரை ஆபரேஷன் ஆகியிருந்தது. புதுக் கண் வந்த சந்தோஷத்தில் வீட்டில் உள்ள எல்லாவற்றையும் உற்று உற்றுப் பார்த்து, பாத்திரத்தில் கறை, சுவரில் விரிசல் என்று மகளுக்குத் தினமும் ஒரு குற்றப் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார். அன்று மேசையில் விரித்திருந்த படத்தையும் குனிந்து பார்த்தார்.

"எதுக்குடி கதவோட பின்பக்கத்தைப் படம் பிடிச்சிருக்காங்க?"

"பின்பக்கமா? எப்படிம்மா தெரியும்?"

"தெரியாம? ஏழு வருஷம் தினமும் சாயங்காலம் இதைப் பாத்துக்கிட்டுத்தானே நின்னோம். நூல் திருடிட்டுப் போறோமான்னு ஒவ்வொருத்தியா தடவிப் பாத்து விடுவாங்க. அதோ அந்தக் கொக்கியில வாட்ச்மேன் குடை தொங்கும். துரு ஓட்டைக்குத் தகரம் அடிச்சிருக்கான் பாரு. மில்லு பேரெல்லாம் அந்தப் பக்கம், தெருப் பக்கம்..."

சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். கண் வலிக்கிறது என்று போய்ப் படுத்துவிட்டார்.

மறுநாள் காலை அக்கா படத்தோடு வந்து என் மேசையில் விரித்தார். என் அகராதியின் மேலட்டையை எடுத்து, தலைப்பு வெளியே தெரியும்படி நிமிர்த்தி நிற்க வைத்தார்.

"தம்பி, இது கதவு. பேரு தெருவைப் பாத்து இருக்கு. நீ தெருவுல நிக்கிற. உள்ள தள்ளு."

தள்ளினேன். அட்டை உட்பக்கமாக விழுந்தது. தலைப்பு மேலே தெரிந்தது.

"இப்ப நான் உள்ள நிக்கிறேன்." அக்கா அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தட்டுத் தட்டினார். அட்டை என் பக்கம் விழுந்தது. தலைப்பு மேசையோடு போயிற்று, வெறும் முதுகுதான் மேலே தெரிந்தது. படத்தில் இருந்ததும் முதுகுதான். கொக்கி, குறுக்குக் கம்பி, தகரம். ஆலையின் பெயரில் ஓர் எழுத்துக்கூட இல்லை.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. ஏன் உடைத்தார்கள் என்று மூன்று படித்த மனிதர்கள் முப்பது வருடம் சண்டை போட்டிருக்கிறார்கள். கதவு எந்தப் பக்கமாக விழுந்தது என்று ஒருவராவது குனிந்து பார்த்தாரா? நானும்தான் மூன்று புத்தகத்தையும் படித்திருக்கிறேன். கால்புள்ளியைப் பார்த்தேன், கதவைப் பார்க்கவில்லை.

அக்கா அரை நாள் லீவு போட்டுவிட்டு நூலகத்துக்குப் போனார். பழைய விசாரணை அறிக்கையைக் கேட்டு வாங்கி வரிக்கு வரி படித்தார். வெளியே இருந்த இரவு ஷிப்ட் ஆண்கள் வேலைநிறுத்தம் செய்து தெருவில் நின்றார்கள், அவர்கள்தான் கதவைத் தள்ளி உள்ளே விழ வைத்தார்கள் என்று அறிக்கை சொன்னது. முதல் குற்றவாளி, அதாவது மாமா, உடைத்து நுழையும்போது கதவு இடது பாதத்தில் விழுந்து காயம்பட்டார் என்றும் ஒரு வரி இருந்தது. "தான் தள்ளின கதவு தன் கால் மேல எப்படித் தம்பி விழும்?" என்று அக்கா கேட்டார். மாமா சாய்த்துச் சாய்த்து நடந்தது அந்தக் காலைத்தான்.

வேறு யாராக இருந்தாலும் முதலாளியிடம் போய்ச் சொல்லியிருப்பார்கள், அல்லது நமக்கேன் வம்பு என்று விட்டிருப்பார்கள். அக்கா தனக்குத் தெரிந்த வழியில் போனார். ஓர் அட்டை எழுதினார். அது அப்படியே அச்சுக்கோப்பில் ஏறி, பிழை பார்க்கும் மெய்ப்பாகப் பேராசிரியர் வீட்டுக்கும் போய்விட்டது. "கதவு, ஆலையின்: வெளியிலிருந்து உடைக்கப்பட்டதாகக் கூறப்படுவது, 402, உள்ளிருந்து தள்ளப்பட்டது, பார்க்க படம் 14."

இரண்டாம் நாள் பேராசிரியர் மாடிப்படியை அதிர அதிர ஏறி வந்தார். பின்னாலேயே முதலாளி.

"நீங்க என்ன செஞ்சிருக்கீங்கன்னு தெரியுதாம்மா? என் புத்தகத்தோட கடைசிப் பக்கம் என் புத்தகத்தையே பொய்னு சொல்லுது!"

"பொய்னு சொல்லல சார். படத்தைப் பாருங்கன்னுதான் சொல்லுது."

"உங்க வேலை இருக்கிறதை வரிசைப்படுத்துறது அக்கா" என்று முதலாளி கையைப் பிசைந்தார். "புதுசா எழுதுறது இல்ல."

"படமும் புத்தகத்துல இருக்கிறதுதானே முதலாளி. நான் எதையும் வெளிய இருந்து கொண்டு வரல."

அக்கா அகராதி அட்டையை மறுபடி நிற்க வைத்தார். பேராசிரியர் முதலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படத்தின் மேல் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. அந்த மனிதரை நான் கொஞ்சம் குறைவாக எடை போட்டுவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். பூசி மெழுகிவிட்டுப் போயிருக்கலாம், போகவில்லை.

"நீங்க சொல்றது நடந்திருக்கலாம்" என்றார் மெதுவாக. "ஆனா படம் எடுக்கிறதுக்கு முன்னாடி போலீஸ்காரங்க கதவைப் புரட்டிப் போட்டிருக்கவும் முடியும். காயத்துக்கும் வேற விளக்கம் சொல்ல முடியும். இதை நம்பி ஒரு அத்தியாயத்தையே மாத்தினா நாளைக்கு எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிப்பாங்க. உள்ள இருந்த ஒருத்தர் வாயால சொல்லணும். அப்படி ஒருத்தர் கிடைச்சா நானே மாத்தி எழுதுறேன்."

முதலாளி பத்து நாள் கெடு கொடுத்தார். அதற்குள் சாட்சி வராவிட்டால் அந்த அட்டையை எடுத்துவிட வேண்டும். அக்கா எடுக்க மறுத்தால் இந்தப் புத்தகத்துக்கும் இனி வரும் புத்தகங்களுக்கும் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். இதைச் சொல்லும்போது அவர் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை.

சாட்சிக்கு அக்கா எங்கே போவார்? அன்று ஷிப்டில் இருந்தவர்களில் பெரும்பாலானவர்கள் இப்போது இல்லை. இருக்கிற ஒருவர் அக்காவின் வீட்டிலேயே கண் வலி என்று படுத்திருந்தார்.

அம்மா பிடி கொடுக்கவில்லை. "செத்தவனைப் பத்தி இப்ப எதுக்குப் பேச்சு?" என்பார். "எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல" என்பார். தகரத்தையும் கொக்கியையும் குடையையும் ஞாபகம் வைத்திருப்பவருக்கு அது மட்டும் எப்படி மறக்கும் என்று அக்கா கேட்டால், டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துவிடுவார்.

அக்காவும் அந்த அம்மாவுக்குப் பிறந்தவர்தானே. தினமும் வேலை முடிந்து வந்ததும் முகம் கழுவி, அம்மாவுக்கு எதிரில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, புத்தகத்தின் அந்த ஒரு வாக்கியத்தை உரக்கப் படிப்பார். மாமாவின் முழுப் பெயர், பிறகு: "கதவை உடைத்து முதலில் உள்ளே நுழைந்தவர்." வேறு எதுவும் கேட்க மாட்டார். படித்துவிட்டு எழுந்து சமையலைக் கவனிக்கப் போய்விடுவார். முதல் நாள் அம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டாம் நாள் "உனக்குப் பைத்தியம்" என்றார். மூன்றாம் நாள் சாப்பிடாமல் படுத்தார். ஐந்தாம் நாள் அக்கா "உள்ளே நுழைந்தவர்" என்று முடிக்கும் முன் அம்மா கத்திவிட்டார்.

"அவன் எங்கடி உள்ள நுழைஞ்சான்? அவன் கையில நீ இருந்த!"

அதன் பிறகு அவர் சொன்னதை அக்கா மறுநாள் என்னிடம் சொன்னபடியே சொல்கிறேன்.

அக்கா பிறக்கும் முன்பே அவர் அப்பா இறந்துவிட்டார். அம்மாவும் அவர் தம்பியும், அதாவது மாமாவும், ஒரே வீட்டில் இருந்தார்கள். அம்மாவுக்குப் பகல் ஷிப்ட், தம்பிக்கு இரவு ஷிப்ட். பகலெல்லாம் தம்பி குழந்தையைப் பார்த்துக்கொள்வார். நாலு மணிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆலை வாசலுக்கு வருவார். அம்மா வெளியே வந்து குழந்தையை வாங்கிக்கொள்வார், தம்பி உள்ளே போவார். எட்டு மாதம் இப்படித்தான் ஓடியது. அன்று இரவு ஷிப்ட் ஆட்கள் கூலிக் குறைப்பை எதிர்த்து வேலைக்குப் போவதில்லை என்று முடிவு செய்து தெருவில் நின்றார்கள். தம்பியும் நின்றார், வழக்கம் போலத் தோளில் குழந்தையோடு. நிர்வாகம் ஒரு யோசனை செய்தது. இரவு ஆள் வராவிட்டால் பகல் ஆளே ராத்திரியும் ஓட்டட்டும் என்று கதவுக்கு வெளியே சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டார்கள். இருநூறு பெண்களும் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். நாலு மணி ஆயிற்று, ஐந்து ஆயிற்று, ஆறு ஆயிற்று. கேட்டதற்கு மேஸ்திரி, போய் மெஷினைப் பாருங்கள் என்றார்.

பெண்கள் தள்ளினார்கள். துருப்பிடித்த கீல் பெயர்ந்து கதவு தெருப் பக்கம் சாய்ந்தது. தம்பி குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பினார், விளிம்பு அவர் பாதத்தில் விழுந்தது. கூட்டம் நாலா பக்கமும் ஓடியது. ஓட முடியாதவரைத்தான் போலீஸ் முதலில் பிடித்தது. குழந்தையை அம்மாவிடம் நீட்டும்போது காதோடு ஒன்று சொன்னார்: "நீ வாயைத் திறக்காத. இவளுக்கு வேற யாரும் இல்ல."

அக்கா இதை என்னிடம் சொல்லி முடித்தபோது கையில் ஒரு வெற்று அட்டையை மடக்கி மடக்கிக் கிழித்துவிட்டிருந்தார்.

"என் மாமா என்னாலதான் தம்பி ஜெயில்ல கிடந்திருக்காரு."

"உங்களாலயா? கதவைப் பூட்டினவனால" என்றேன். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது, எரிச்சலில்தான் சொன்னேன்.

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து போய்ப் பழைய புத்தகங்கள் மூன்றையும் பேராசிரியரின் மெய்ப்பையும் எடுத்து வந்து, கடைசிப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். மத்தியானம் வரை தேடினார். நாலு புத்தகத்திலும் "உடைப்பு" இருந்தது. "பூட்டு" ஒன்றில்கூட இல்லை. அதில் இரண்டு பட்டியலைத் தயாரித்தவர் அவரே. அன்று முழுக்க அவர் அழுதார் என்று நான் எழுதினால் அவருக்குப் பிடிக்காது. சாயங்காலம் வரை மூக்கைச் சிந்திக்கொண்டே வேலை பார்த்தார், அவ்வளவுதான்.

எட்டாம் நாள் காலை அம்மா வந்தார். மாடிக்குத் தூக்கி வருகிறோம் என்று காவலாளி சொன்னதற்கு, "நான் என்ன மூட்டையா?" என்று கேட்டுவிட்டுத் தானே ஏறினார். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கினார். பேராசிரியர் ஒலிப்பதிவுக் கருவியை மேசையில் வைத்து, அதைப் பற்றி விளக்க ஆரம்பித்தார்.

"அதெல்லாம் இருக்கட்டும் தம்பி. எழுதிக்கோங்க. நாங்கதான் தள்ளினோம். நான் முன் வரிசையில நின்னேன். கொக்கி என் தோள்ல குத்தினது இன்னும் தழும்பா இருக்கு. வேணும்னா இப்ப வந்து பிடிச்சுட்டுப் போகட்டும்."

பேராசிரியர் தனக்குத் தெரிந்த கேள்வியைத்தான் கேட்டார். "அத்தனை வருஷ அடக்குமுறை மேல வந்த கோபத்துல தள்ளினீங்களாம்மா?"

"கோபமா?" அம்மா யோசித்தார். "அதுக்கு எங்க நேரம்? பால் கட்டிக்கிட்டு நெஞ்சு தெறிக்குது. வெளிய பிள்ள அழற சத்தம் கேக்குது. நாலு மணிக்கு விடணும், ஆறு மணி ஆச்சு. எங்களுக்கு வீட்டுக்குப் போகணும், அவ்வளவுதான். மில்லுக்குள்ள நுழையறதுக்கா சண்டை போடுவாங்க? தினமும் அதுக்குள்ளதானே கிடந்தோம்."

"கோபமே வரலையா?"

"வந்துச்சு. என் தம்பியை நொண்ட வெச்சுக் கூட்டிட்டுப் போனப்ப வந்துச்சு. இன்னும் போகல."

பேராசிரியர் தயங்கித் தயங்கி, அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

"யாரு கேட்டா? விசாரணைக்கு வந்த அதிகாரி ஆம்பளைங்களையும் மேஸ்திரியையும் கூப்பிட்டுக் கேட்டாரு. இருநூறு பொம்பளைங்கள்ல ஒருத்தியைக் கூப்பிடல. ஆம்பளைங்களும் எங்களைக் காட்டிக் குடுக்கல. பொம்பளைங்க தள்ளிக் கதவு விழும்னு அவருக்குத் தோணவே இல்ல." அம்மா நிறுத்திவிட்டு மகளைப் பார்த்தார். "ஆனா கேட்டிருந்தாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன். அதையும் எழுதிக்கோங்க. பதினோரு பேரு உள்ள போனாங்க, நான் வாயை மூடிக்கிட்டு இவளுக்குப் பால் குடுத்தேன். இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னது இல்ல."

அக்கா எழுந்து போய் அம்மாவின் தோளில் கை வைத்தார். அம்மா அந்தக் கையைத் தட்டிவிட்டார், பிறகு அவராகவே எடுத்துப் பிடித்துக்கொண்டார்.

கிளம்பும் முன் அக்கா பேராசிரியரிடம் ஓர் அட்டையைக் கொடுத்தார். அதில் ஒரே ஒரு சொல்: பூட்டு. எதிரில் பக்க எண் இல்லாமல் வெறும் புள்ளிகள்.

"இதுக்கு ஒரு பக்கம் வேணும் சார். எல்லாரும் உடைச்சதையே எழுதியிருக்கீங்க. பூட்டினதை யாரும் எழுதல. நீங்க எழுதினாத்தான் நான் எண்ணைப் போட முடியும்."

அச்சு மூன்று மாதம் தள்ளிப் போனது. முதலாளி என்னிடம் புலம்பினார், காவலாளியிடம் புலம்பினார், அக்காவிடம் மட்டும் புலம்பவில்லை. பேராசிரியர் தன் அருமையான கண்டுபிடிப்பைத் தானே பிரித்துப் போட வேண்டியிருந்தது. அத்தியாயம் முன்பு போல் அழகாக இல்லை. நடுவில் நொண்டுகிறது, தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று இரண்டு இடத்தில் சொல்கிறது. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. மற்ற மூன்று நாட்டு அறிஞர்களுக்கும் அவர் கடிதம் எழுதினார்: உங்கள் ஊர்க் கதவுகள் எந்தப் பக்கமாக விழுந்தன, அதற்கு முன் அவை பூட்டியிருந்தனவா? ஒருவர் பதிலே போடவில்லை. ஒருவர் அது முக்கியமில்லை என்று எழுதினார். கரும்புத் தோட்டத்து ஊரிலிருந்து மட்டும், யாரும் இதுவரை பார்க்கவில்லை, பார்த்துச் சொல்கிறேன் என்று வந்தது. அந்தக் கடிதத்தை அக்கா கேட்டு வாங்கி வைத்திருக்கிறார்.

அக்கா தன் பழைய பெட்டியைத் தேடி எடுத்து, பதினெட்டு வருடத்துக்கு முன் எழுதிய "கலவரம்" அட்டையையும் திருத்தினார். அந்தப் புத்தகம் இனி அச்சாகப் போவதில்லை என்று சொன்னேன். "அதுக்கென்ன? அட்டை என்னோடது" என்றார்.

புத்தகம் வந்த அன்று என்னையும் வீட்டுக்குக் கூப்பிட்டார். அம்மா கனத்த புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, முன்னால் இருந்த எண்ணூறு பக்கத்தையும் சட்டை செய்யாமல், "என் தம்பி இதுல எங்க இருக்கான்?" என்று கேட்டார்.

அக்கா கடைசிப் பக்கங்களைத் திருப்பி விரலை வைத்தார். பூட்டுக்குக்கூட எண் இருந்தது, 405. அதற்குச் சில வரிகள் தள்ளி மாமாவின் முழுப் பெயர். கீழே: "கதவுக்கு வெளியே குழந்தையுடன் காத்திருந்தது, 406, காலில் கதவு விழுந்தது, 407, செய்யாத குற்றத்துக்கு நான்கு ஆண்டுச் சிறை, 409."

அம்மா புதுக் கண்ணால் அதை எழுத்துக் கூட்டிப் படித்தார். ஒரு முறை படித்தார், மறுபடி படித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். இத்துடன் முடிந்தது என்று நான் நினைத்தேன்.

"நாலு வருஷம் ரெண்டு மாசம்" என்றார் அம்மா. "ரெண்டு மாசத்தை எங்க விட்ட?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் அந்த வரியை மூன்று முறை மெய்ப்புப் பார்த்தவன்.

"நான் நாள் கணக்கு வெச்சிருந்தேன்டி. ரெண்டு மாசமும் சேரணும்."

"சேரும்மா" என்று அக்கா கைப்பையைத் திறந்து ஒரு புது அட்டையை எடுத்தார்.